படச்சுருளும் எண்முறைக் காமிராவும்



நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியக்கூடும். ஆகையால் மெய்யெழுத்துகளுக்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் உரிய புள்ளிகளை அவர்கள் பெரும்பாலும் இடாமலே எழுதினர். படிப்பவரே இடம் நோக்கி, இது குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்று உணர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. பின்னர்க் காகிதமும் அச்சும் வந்தன, புள்ளியும் நிலைபெற்றது. மொழி மாறவில்லை, எழுதுபவர் கருத்தும் மாறவில்லை. எனினும், எதன்மேல் எழுதுகிறோம் என்பது எழுத்தின் தோற்றத்தையும், எழுதுபவரின் பழக்கத்தையும், படிப்பவரின் உழைப்பையும் ஒருசேர மாற்றிவிட்டது.

எழுத்துக்கு ஓலையும் காகிதமும் எப்படியோ, சினிமாவுக்குப் படச்சுருளும் எண்முறைக் காமிராவும் அப்படி. படச்சுருளில் எடுத்த படத்திற்கு ஒரு சாயல் உண்டு. எண்முறையில், அதாவது டிஜிட்டல் முறையில், எடுத்த படத்திற்கு வேறொரு சாயல் உண்டு. இவ்விரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கம் அன்று. அந்தச் சாயல் எங்கிருந்து பிறக்கிறது என்பதை விளக்குவதே என் நோக்கம். சுருங்கச் சொன்னால், ஒரு படத்தின் தோற்றம் கலைஞன் செய்யும் முடிவுகளின் தொகுதி. அந்த முடிவுகளைப் படம் எடுப்பதற்கு முன்பே செய்துவிடுமாறு படச்சுருள் அவனை வற்புறுத்தியது. எடுத்த பிறகு செய்துகொள்ளலாம் என்று எண்முறைக் காமிரா அவனுக்குச் சலுகை அளித்தது. மற்ற வேறுபாடுகளுள் பெரும்பாலானவை இதன் கிளைகளே.

நான் வாழும் குத்துக்கல்வலசை, தென்காசியை அடுத்த ஊர். மேற்கே நோக்கினால் மலைத்தொடர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அம்மலையைத் தாண்டி வரும் சாரல். அதனை அடுத்துக் குற்றாலத்து அருவிகள். சினிமாக்காரர்களுக்கு இந்நிலப்பகுதி புதிதன்று. 1992-இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் கதைப்படி நாயகியின் ஊர், எங்களுக்கு அண்மையில் உள்ள சுந்தரபாண்டியபுரந்தான். ஆதலால் எடுத்துக்காட்டுகளை நம் பக்கத்து மலையிலிருந்தும் அருவியிலிருந்துமே எடுத்துக்கொள்கிறேன். கேட்பவர்கள் தம் கண்ணாலேயே சோதித்துப் பார்க்க அது வசதியாக இருக்கும்.

முதலில் படச்சுருள் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். நெகிழ்வான ஒரு நாடாவின்மேல் ஜெலட்டின் என்னும் பசை பூசப்பட்டிருக்கும். அந்தப் பசையினுள் வெள்ளி உப்பின் நுண்துகள்கள் கோடிக்கணக்கில் சிதறிக் கிடக்கும். ஒளி பட்ட துகள்கள் மாறுதல் அடைகின்றன. ரசாயனக் கரைசலில் கழுவும்போது அம்மாறுதல் உருவமாக வெளிப்படுகிறது. வண்ணப் படச்சுருளில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளையும் தனித்தனியே பற்றும் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். வழக்கமான 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. எனவே ஒரு நிமிடப் படத்திற்கு 90 அடி சுருள் செலவாகும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. வெட்டி ஒதுக்கியது போக, திரையில் ஓடும் பகுதிக்கு மட்டுமே இந்தக் கணக்கு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வெள்ளித் துகள்கள் ஒவ்வொரு சட்டத்திலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. களத்தில் தூவிய நெல்மணிகளைப் போல, ஒவ்வொரு சட்டத்திலும் அவை வெவ்வேறு விதமாகச் சிதறியிருக்கும். ஆகவே அசையாத ஒரு பாறையைப் படம் எடுத்தாலும், திரையில் அதன் மேற்பரப்பு மிக நுண்மையாகத் துடித்துக்கொண்டே இருக்கும். படச்சுருளில் எடுத்த படத்தில் ஏதோ உயிர்ப்பு இருக்கிறது என்று பலர் கூறுவதற்கு இத்துடிப்பு ஒரு காரணம்.

இனி எண்முறைக் காமிரா. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லர்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும், ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேமித்துப் படிக்கும் சிறு சில்லு ஒன்றிற்கு அடிகோலினர். அதற்காக 2009-இல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 1975-இல் கோடக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் எண்முறைக் காமிராவைச் செய்தார். அதில் இருந்த ஒளிப்புள்ளிகள் பத்தாயிரமே; ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை நாடாவில் பதிய அதற்கு 23 வினாடிகள் ஆயின. இன்று 4கே எனப்படும் சினிமாச் சட்டம் ஒன்றில் ஏறத்தாழ 88 லட்சம் புள்ளிகள் உள்ளன. இப்புள்ளிகள் நெசவுத் துணியின் இழைகளைப் போல வரிசை தப்பாமல் அமைந்தவை. சட்டத்துக்குச் சட்டம் இடம் மாறாதவை. அதனால் எண்முறைப் படம் தெளிவாகவும், அமைதியாகவும், சில வேளைகளில் சலவைக்கல் போல வழுவழுப்பாகவும் தோன்றுகிறது.

இவ்விரு அமைப்புகளும் ஒளியை எவ்வாறு ஏற்கின்றன என்பதில்தான் முதற் பெரும் வேறுபாடு தோன்றுகிறது. குற்றாலப் பேரருவியை நினைத்துக்கொள்ளுங்கள். பொங்குமாங்கடலில் விழுந்து தெறித்து இறங்கும் நீர் தூய வெண்மை. நனைந்த பாறையோ கருமை. பக்கத்து மரச்செறிவு கரும்பச்சை. நம் கண் இவை அனைத்தையும் ஒருங்கே காண்கிறது. காமிராவுக்கு அது எளிதன்று.

எண்முறைச் சில்லின் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு குடமாகக் கருதலாம். ஒளி நீராக வந்து குடத்தில் விழுகிறது. குடம் நிரம்பிய பின் விழும் நீர் வழிந்து வீணாகும். எவ்வளவு வழிந்தது என்று பின்னர் அறிய இயலாது. அருவியின் வெண்மை இவ்வாறு குடம் நிறைந்து வழிந்துவிட்டால், அங்கே நீரின் இழைகள் மறைந்து, வெறும் வெள்ளைத் தாளைக் கிழித்து ஒட்டினாற்போல் ஒரு திட்டு மட்டுமே தெரியும். படச்சுருளில் அப்படி இல்லை. அதில் பெரிய துகள்களும் சிறிய துகள்களும் கலந்திருக்கின்றன. பெரியவை விரைவில் ஒளியைப் பற்றிக்கொள்ளும். சிறியவை மிகுந்த ஒளி பட்ட பின்னரே மாறும். எனவே வெண்மை ஒரேயடியாக முறியாமல், மாலை வெயில் மங்குவது போல மெல்ல மெல்ல நிறைவடையும். அருவியின் நடுவிலும் நீர்த்தாரைகள் பிரிந்து தெரியும்.

இதனால் ஒளிப்பதிவாளரின் பழக்கமே இருவகைப்பட்டது. படச்சுருளில் எடுப்பவர் நிழலுக்கு ஒளியை அளந்தார். வெளிச்சம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார். எண்முறையில் எடுப்பவர் வெளிச்சத்துக்கு அஞ்சி அளக்கிறார். நிழலைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார். உச்சி வெயிலைத் தவிர்ப்பதும், வானத்தைச் சட்டத்திலிருந்து விலக்குவதும், காட்சியைச் சற்றே இருட்டாக வைப்பதும் தொடக்க கால எண்முறைப் படங்களில் பலவிடத்தும் காணப்பட்டன. அவற்றைப் புதிய பாணி என்று சிலர் புகழ்ந்தனர். உண்மையில் அதில் ஒரு பகுதி, குடம் வழிந்துவிடக் கூடாதே என்ற கவலையால் விளைந்தது. 2010-இல் ஆரி நிறுவனத்தின் அலெக்ஸா காமிரா வந்தபின் இக்கவலை பெரிதும் குறைந்தது. நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே பதினான்குக்கு மேற்பட்ட இரட்டிப்புப் படிகளை அது ஏற்கும் என்று அந்நிறுவனம் அறிவித்தது.

வெளிச்சத்தில் படச்சுருள் வென்றது என்றால், இருளில் எண்முறை வென்றது. சினிமாவுக்கெனப் பரவலாகப் பயன்பட்ட படச்சுருள்களுள் மிகுந்த ஒளியுணர்வு உடையவற்றின் அளவு பெரும்பாலும் 500 என்ற எண்ணாலேயே குறிக்கப்பட்டது. அலெக்ஸாவின் இயல்பான அளவே 800. அதற்கும் மேலே உயர்த்தி எடுப்பது இன்று அன்றாட வழக்கம். 2004-இல் மைக்கேல் மான் இயக்கிய 'கொலாட்டரல்' என்னும் ஆங்கிலப் படத்தின் பெரும்பகுதி எண்முறைக் காமிராவில் எடுக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தெருவிளக்குகள் இரவு மேகங்களில் பட்டுத் திரும்பும் மங்கிய ஒளி, அப்படத்தில் காட்சியின் பின்புலமாகவே விளங்கியது. முன்பெல்லாம் இரவுக் காட்சி என்றால் கருமையான வானமும், கிரேன்மேல் ஏற்றிய பெருவிளக்கின் நீல ஒளியுமே நம் நினைவுக்கு வரும். இரவு வானத்துக்கும் ஒரு நிறம் உண்டு என்பதைத் திரையில் பரவலாகக் காட்டியது எண்முறைதான்.

இரண்டாவது வேறுபாடு அளவைப் பற்றியது. படச்சுருள் விலையுயர்ந்த பொருள். நீண்ட காலம் அது நமக்கு வெளிநாட்டிலிருந்தே வந்தது. 1960-இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் தோன்றி, 'இந்து' என்னும் பெயரில் பிலிம் தயாரித்தது. இருப்பினும், வண்ணச் சினிமாவுக்கு அமெரிக்கக் கோடக்கையும், ஜப்பானியப் புஜியையும், கிழக்கு ஜெர்மானிய ஆர்வோவையுமே நம்மவர் நாடினர். காமிராவில் பூட்டும் 400 அடிச் சுருள் ஏறத்தாழ நான்கரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். 1,000 அடிச் சுருள் பதினொரு நிமிடத்தில் தீரும். சுருள் ஓடும்போது ஒவ்வோர் அடியும் பணம் என்பது படப்பிடிப்புத் தளத்தில் நின்ற அனைவருக்கும் தெரியும். ஆதலால் ஒத்திகை நீண்டது. காட்சி எங்கே தொடங்கி எங்கே வெட்டப்படும் என்பது முன்னரே முடிவானது. எடுத்த சுருள் சென்னையில் இருந்த ஜெமினி, விஜயா, பிரசாத் போன்ற ரசாயனக் கூடங்களில் கழுவப்பட்டுத் திரும்பும் வரையில், எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று கண்ணால் காணவும் வழியில்லை. ஒளிப்பதிவாளர் தம் மனத்திரையில் படத்தை முதலில் கண்டு, பிறகே காமிராவை ஓடவிட்டார்.

இந்தச் சிக்கனம் சில வேளைகளில் பாணியாகவே மலர்ந்தது. ஓர் அசைவை மெதுவாக்கிக் காட்ட வேண்டுமானால், காமிராவை இருமடங்கு, மும்மடங்கு வேகத்தில் ஓட்ட வேண்டும். சுருளும் அவ்வாறே இருமடங்கு, மும்மடங்கு செலவாகும். அதற்குரிய காமிராவும் வேண்டும். 1977-இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்தில், அவ்வசதி இல்லாத நிலையில் பாரதிராஜா கதாநாயகியையே மெதுவாக ஓடச் செய்து அக்காட்சியை எடுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. இயந்திரம் செய்ய வேண்டியதை உடல் செய்தது. பாவாடையும் கூந்தலும் இயல்பான வேகத்தில் அசைய, கால்கள் மட்டும் கனவில் நடப்பது போல இயங்கின. அது குறையா, அழகா என்று கேட்டால், குறையிலிருந்து பிறந்த அழகு என்றே நான் சொல்வேன்.

எண்முறை வந்ததும் இக்கட்டு அவிழ்ந்தது. 2004-இல் பி. சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்', 2005-இல் கமல்ஹாசன் நடித்த 'மும்பை எக்ஸ்பிரஸ்' ஆகியவை தமிழில் தொடக்க முயற்சிகள். 2009-இல் வெளியான 'உன்னைப்போல் ஒருவன்' ரெட் ஒன் என்னும் காமிராவில் எடுக்கப்பட்டது. ஆயினும், எளிய காமிரா ஒரு படத்தின் தோற்றத்தை எவ்வளவு தூரம் மாற்ற இயலும் என்பதற்கு 2012-இல் வெளிவந்த 'வழக்கு எண் 18/9' நல்ல சான்று. பாலாஜி சக்திவேல் இயக்க, எஸ். டி. விஜய் மில்டன் ஒளிப்பதிவு செய்த அப்படம், புகைப்படக்காரர்கள் கையில் வைத்திருக்கும் கேனன் 7டி காமிராவால் எடுக்கப்பட்டது. பெரிய காமிரா ஒரு தெருவில் இறங்கினால் தெரு நின்றுவிடும், மக்கள் கூடிவிடுவர், தெரு தெருவாக இராது. கையடக்கக் காமிராவை யாரும் பொருட்படுத்துவதில்லை. புதுமுகங்களும் நடைபாதை வாழ்க்கையும் அப்படத்தில் அத்தனை இயல்பாகப் பொருந்தியதற்குக் காமிராவின் சிறுமையும் துணை நின்றது. 2008-இல் மும்பைச் சேரிகளில் சிறிய எண்முறைக் காமிராக்களைக் கொண்டு பெரும்பகுதி எடுக்கப்பட்ட 'ஸ்லம்டாக் மில்லியனர்' ஒளிப்பதிவுக்கான ஆஸ்கார் பரிசு பெற்றதும் இங்கு நினைக்கத் தக்கது.

ஆனால் அந்தச் சிறிய காமிராக்கள் தமக்குரிய கட்டுப்பாடுகளையும் உடன் கொண்டுவந்தன. அவற்றின் சில்லு, படம் முழுவதையும் ஒரே கணத்தில் படிப்பதில்லை; மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. தென்காசிக் காசிவிசுவநாதர் கோயில் கோபுரத்தின் முன் நின்று காமிராவை விரைவாகப் பக்கவாட்டில் திருப்பினால், மேல் வரி படிக்கப்பட்டதற்கும் கீழ் வரி படிக்கப்பட்டதற்கும் இடையில் காமிரா நகர்ந்துவிடும். நிமிர்ந்து நிற்கும் கோபுரம் படத்தில் சாய்ந்து தோன்றும். அக்குறையை அறிந்த ஒளிப்பதிவாளர் காமிராவை விரைந்து திருப்பமாட்டார். நிலையாக வைத்து, பாத்திரங்களை அசையவிடுவார். பார்ப்பவர் அதனை அமைதியான பாணி என்பர். படச்சுருளுக்குச் செலவுக் கட்டு. இதற்கு வேகக் கட்டு. கட்டு இல்லாத கருவி இதுவரை செய்யப்படவில்லை.

மூன்றாவது வேறுபாடு வண்ணம். நான் தொடக்கத்தில் கூறிய முடிவுக் காலம் இங்கேதான் மிகத் தெளிவாகத் தெரியும். படச்சுருள் காலத்தில் வண்ணத்தின் பெரும்பகுதி காமிராவுக்கு முன்னால் முடிவாயிற்று. எந்தச் சுருள், எந்த லென்ஸ், எந்த வடிகண்ணாடி, எந்த நேரத்து வெயில், எந்த நிறச் சேலை, எந்த நிறச் சுவர் என்று தேர்ந்தாக வேண்டும். ரசாயனக் கூடத்தில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் காட்சிக்குக் காட்சி கூட்டிக் குறைக்கலாம், அவ்வளவே. வானத்தை விட்டுவிட்டு வயலை மட்டும் மாற்ற அங்கே வழியில்லை. 2005-இல் ஷங்கரின் 'அந்நியன்' படத்திற்காகச் சுந்தரபாண்டியபுரத்துப் பாறையில் நடிகர்களின் முகங்களை வண்ணத்தில் தீட்டினார்கள். படம் எடுத்தவர்கள் போய்விட்டனர்; பாறையைப் பார்க்க மக்கள் வந்துகொண்டே இருந்தனர். படச்சுருளில் எடுத்த அப்படத்துக்காக, முடிவை உண்மையான பாறைமேல் உண்மையான சாயத்தால் எழுதினர். இன்று அத்தகைய காட்சி ஒன்றைத் திட்டமிடும் குழு, பாறையை வெறும் பாறையாகவே எடுத்துச் சென்று, சென்னையில் கணினிமுன் அமர்ந்து தீட்டிக்கொள்ளலாம்.

இம்மாற்றத்துக்கு வழிகாட்டிய படம் 2000-இல் வெளிவந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?' என்னும் அமெரிக்கப் படம். மிசிசிப்பி மாநிலத்தில் கோடையில் படம் எடுத்தனர். கதைக்குப் புழுதி படிந்த, வாடிய மஞ்சள் நிலம் வேண்டும். அங்கோ எங்கும் கொழித்த பசுமை. ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் படச்சுருளில் எடுத்ததை முழுவதும் கணினிக்குள் ஏற்றி, பச்சையை மட்டும் தேர்ந்து மஞ்சளாக மாற்றினார். குற்றாலத்துக்குச் சாரற் காலத்தில் வந்த படக்குழு, மலையைச் சித்திரை மாதத்து மலையாக மாற்றிக் கொண்டுபோவதற்கு இது சமம். படச்சுருளில் எடுத்துக் கணினியில் வண்ணம் சேர்க்கும் இம்முறை பின்னர்த் தமிழ்ப் படங்களிலும் பரவியது. காமிராவும் எண்முறையானபோது அது இயல்பான வழக்கமே ஆகிவிட்டது.

இதனால் பெற்றது பெரிது. சாரல் திடீரென விட்டு வெயில் அடித்தாலும் முற்பகற் காட்சியையும் பிற்பகற் காட்சியையும் ஒத்துப்போகச் செய்யலாம். பணம் குறைந்தவரும் படம் எடுக்கலாம். இழப்பும் உண்டு. எப்பொழுது வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற உரிமை, இப்பொழுது முடிவு செய்ய வேண்டியதில்லை என்ற சோம்பலாக மாறிவிடுகிறது. அப்படி முடிவின்றி எடுத்த காட்சிகளுக்குக் கடைசியில் எல்லாரும் பூசும் அதே நிறமே பூசப்படுகிறது. முகத்துக்கு ஆரஞ்சு, நிழலுக்கு நீலப்பச்சை என்று ஒரே வாய்பாடு பல நாட்டுப் படங்களிலும் பரவியிருப்பதைக் காண்கிறோம். நம் வயலின் பசுமையும் கேரளத்துப் பசுமையும் ஒன்றல்ல. மழை மறைவுப் பகுதியாகிய நம் பக்கத்து மண்ணின் செம்மையும், காற்றில் வரும் ஈரமும் வேறு. அவ்வேறுபாட்டைப் படம் எடுக்கும் இடத்தில் கண்டுகொள்ளாதவர், கணினியின் முன் அமர்ந்து கண்டுகொள்வது அரிது.

படச்சுருள் மட்டும் நடுநிலை தவறாத சாட்சி என்று எண்ணிவிட வேண்டாம். கோடக் நிறுவனத்துப் படக்கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்பட்ட மாதிரிப் படத்தில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைத் தோலுடைய பெண்ணின் முகமே. அம்முகம் நன்றாக வந்தால் சுருள் நன்று என்று கொண்டனர். கறுத்த முகங்களின் நுண்ணிய நிறவேறுபாடுகள் அந்தச் சுருள்களில் எளிதில் அமுங்கிப் போயின. நம் நாட்டு ஒளிப்பதிவாளர்கள் விளக்கின் கோணத்தாலும், துணியில் மோதித் திரும்பும் மென்மையான ஒளியாலும் அக்குறையை வென்றாக வேண்டியிருந்தது. ஆக, கருவியைச் செய்தவர்களின் முடிவுகள் கருவிக்குள்ளேயே குடியிருக்கின்றன; கலைஞன் அவற்றை அறிந்து பணியவோ எதிர்க்கவோ வேண்டும்.

அப்படியானால் கருவியே எல்லாம் என்று பொருளா? இல்லை. அதற்குப் பாலுமகேந்திராவின் வாழ்வே சான்று. மட்டக்களப்பு மண்ணில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற அவர், இயல்பான ஒளியை நம்பிய ஒளிப்பதிவாளர்களுள் முன்னோடி. 'மூன்றாம் பிறை', 'வீடு' முதலியவற்றைப் படச்சுருளில் எடுத்தார். தம் கடைசிப் படமாகிய 'தலைமுறைக'ளை 2013-இல் எண்முறைக் காமிராவால் எடுத்தார். சன்னல் வழியே வரும் ஒளியை நாடுவதும், முகத்தின் ஒரு பாதியை நிழலில் விடுவதற்கு அஞ்சாமையும், கிராமத்தை அலங்கரிக்காமல் காட்டுவதும் அவருடைய படச்சுருள் காலத்துப் பழக்கங்கள். எண்முறைக்கு மாறிய பின்னும் அவர் அவற்றைக் கைவிடவில்லை. முன்னரே முடிவு செய்யும் பழக்கம் கையில் ஊறியிருந்ததால், பின்னால் மாற்றலாம் என்ற சலுகை அவரைக் கெடுக்கவில்லை. கருவி பழக்கத்தைத் தருகிறது. பழக்கம் பண்பாக ஊறிவிட்டால் கருவி மாறினாலும் அது நிலைக்கிறது.

இன்று தேர்வு செய்யும் வாய்ப்பே பெரும்பாலும் போய்விட்டது. 2011-க்குள் பெரிய நிறுவனங்கள் புதிய படச்சுருள் காமிராக்களைச் செய்வதை நிறுத்திக்கொண்டன. 2012-இன் தொடக்கத்தில் கோடக் கடன் மீட்சிக்காக நீதிமன்றத்தை நாடியது. பின்னர் மீண்டெழுந்து சினிமாச் சுருளைத் தொடர்ந்து செய்துவருகிறது. புஜி நிறுவனம் சினிமாவுக்குரிய எதிர்மறைச் சுருள் செய்வதை 2013-இல் கைவிட்டது. தமிழ்ச் சினிமா ஏறத்தாழ முழுவதும் எண்முறைக்கு மாறியது. மேலைநாடுகளில் சிலர் மட்டும் படச்சுருளை வலிந்து தேர்கின்றனர். 2023-இல் வெளிவந்த 'ஆப்பன்ஹைமர்' படத்துக்காகக் கோடக் நிறுவனம் 65 மில்லிமீட்டர் அளவில் கறுப்பு வெள்ளைச் சுருளைப் புதிதாகவே செய்து தந்தது. அது செல்வர்களின் விருந்து. நம் கல்லூரி மாணவர் ஒருவர் இன்று படச்சுருளில் குறும்படம் எடுப்பது எளிதன்று. அதற்காக ஏங்குவதிலும் பயனில்லை.

உங்கள் கையில் இருப்பது கைப்பேசி. இங்கே மூன்றாவதொரு நிலை தோன்றுகிறது. நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றியே. படச்சுருளில் கலைஞன் முன்னால் முடிவு செய்தான். எண்முறைக் காமிராவில் பின்னால் முடிவு செய்தான். கைப்பேசியிலோ அவன் முடிவே செய்யாமல் இருந்துவிடலாம். அவனுக்காக வேறொருவர் முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார். நீங்கள் பொத்தானைத் தொட்டதும் கைப்பேசி பல சட்டங்களை எடுத்து ஒன்றாக்குகிறது, முகத்தைத் தேடிப் பிடித்து வெளிச்சமாக்குகிறது, வானத்தை நீலமாக்குகிறது, இலையைப் பச்சையாக்குகிறது. ஆடி மாதத்துச் சாரலின் வெளிறிய சாம்பல் ஒளியை அது குறையாகக் கருதித் திருத்திவிடுகிறது. எங்கோ தொலைவில் உள்ள ஒரு நிறுவனத்தார், வானம் இப்படி இருந்தால்தான் அழகு என்று தீர்மானித்துவிட்டனர். உங்கள் ஊரின் ஒளி எப்படிப்பட்டது என்பதை நீங்கள் பார்க்கத் தவறினால், உங்களுக்குப் பின் வருபவர்களுக்கு உங்கள் படங்களில் அந்த ஒளி கிடைக்காது. கதையும் வசனமும் நம்முடையனவாக இருந்து, வெயில் மட்டும் பிறருடையதாக இருப்பது பெருங்குறை அன்றோ?

ஆகவே ஒரு பயிற்சி சொல்கிறேன், செலவில்லாதது. எங்கள் ஊர்ப்பெயரிலேயே குத்துக்கல் இருக்கிறது. உங்கள் ஊரிலும் எல்லைக்கல்லோ, சுமைதாங்கியோ, கோயில் தூணோ, நட்டு நிற்கும் ஏதேனும் ஒரு கல் இருக்கும். அதைப் படம் எடுங்கள். கைப்பேசியின் தானியங்கி ஏற்பாட்டை நிறுத்தி, ஒளி அளவையும் நிறத்தையும் நீங்களே பூட்டிவையுங்கள். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு 400 அடிச் சுருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மொத்தம் நான்கு நிமிடம் 26 வினாடி. அதற்குமேல் ஒரு வினாடியும் இல்லை. விடியலில் ஒரு முறை, உச்சியில் ஒரு முறை, சாரலில் ஒரு முறை, விளக்கேற்றும் நேரத்தில் ஒரு முறை என்று பகிர்ந்துகொள்ளுங்கள். பொத்தானைத் தொடுமுன் மூன்று கேள்விகளுக்கு விடையை ஒரு தாளில் எழுதுங்கள். ஒளி எப்பக்கத்திலிருந்து வருகிறது? இந்தக் காட்சியில் எது இருளில் மறைந்தாலும் எனக்குக் கவலையில்லை? எது மறையவே கூடாது? எடுத்ததை அன்றே பார்க்காமல், மூன்று நாள் கழித்துப் பாருங்கள், எழுதியதோடு ஒப்பிடுங்கள்.

முதல் முறை, எழுதியது ஒன்றாகவும் எடுத்தது ஒன்றாகவும் இருக்கும். ஐந்தாம் முறை, பத்தாம் முறை செய்யும்போது இரண்டும் நெருங்கிவரும். அப்படி நெருங்கும்போது, காமிரா பார்ப்பதற்கு முன்பே உங்கள் கண் பார்க்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் எந்தக் கருவியையும் உங்கள் கையில் தரலாம்.